தவணை தவறும் மாதங்கள்

கல்விக் கடனுக்காக வங்கி எழுதி வாங்கும் பத்திரங்களில் அச்சில் ஏறாத நிபந்தனை ஒன்று உண்டு. கடன்பட்டவன் வீட்டுக்கு மாதந்தோறும், ஏறக்குறைய ஒரே தேதியில், ஏறக்குறைய ஒரே தொகை வந்து சேரும் என்பதே அது. சென்னையிலோ பெங்களூரிலோ மாதச் சம்பளத்தில் நிலைபெற்றுவிட்ட பிள்ளைக்கு இந்த அனுமானம் பொருந்தலாம். தூத்துக்குடி வட்டாரத்துத் திரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் தருவைகுளத்திலும் கடலை நம்பியும், முத்தையாபுரத்திலும் ஆறுமுகநேரியிலும் உப்பளத்தை நம்பியும், பழைய துறைமுகத்தில் தோணியை நம்பியும் பிள்ளையைப் பொறியியலுக்கோ நர்சிங்குக்கோ கப்பற்படிப்புக்கோ அனுப்பிய குடும்பங்களுக்கு அது ஒருநாளும் பொருந்தியதில்லை.

விசைப்படகில் தொழில் செய்பவனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கடலே அடைபட்டுவிடுகிறது. மற்ற நாட்களிலும் டீசலும் ஐஸும் கழித்து மிஞ்சியதில்தான் பங்கு, மிஞ்சாத நாளில் பங்கும் இல்லை. உப்பு வாரப் போகிறவளுக்கு வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர் தொடங்கிப் பாத்தியில் வேலை இல்லை. தை பிறந்து, நீர் வற்றி, பாத்தி மிதித்துச் செம்மைப்படுத்திய பிறகே மறுபடியும் கூலி. மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகள் தென்மேற்குக் காற்று பலக்கும் மாதங்களில் கட்டிப் போடப்படுகின்றன. கப்பலில் ஏறிவிட்ட பிள்ளையின் சம்பளம் பெரிது என்று ஊர் பேசும். ஒப்பந்தம் முடிந்து இறங்கி அடுத்த கப்பல் கிடைக்கும் வரையில் அவன் கரையில் கழிக்கும் மாதங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது என்பதை ஊர் பேசுவதில்லை.

இது இன்று நேற்று ஏற்பட்ட நிலைமையன்று. இந்தக் கரைக்குக் கீர்த்தி தேடித்தந்த முத்துக்குளிப்பே இப்படித்தான் நடந்தது. சிப்பி விளைந்த ஆண்டில் சில வாரங்களுக்கு ஊரே பணத்தில் புரளும். விளையாவிட்டால் ஒரு தலைமுறையே காத்திருக்க வேண்டியதுதான். 1928-க்குப் பிறகு 1955 வரையில் இங்கே ஒரு குளிப்பும் நடைபெறவில்லை. 1955-இல் மீண்டும் தொடங்கியதும் 1961-ஓடு நின்றுபோயிற்று. இடைப்பட்ட காலத்தைக் குளியாட்கள் சங்கு எடுத்தும், படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியும் கடந்தார்கள்; அந்த முன்பணம் அடுத்த பருவத்தில் கழிந்தது, கழியாத மிச்சம் அதற்கடுத்த பருவத்துக்கு ஏறியது. சம்மாட்டியின் கணக்கில் அநியாயங்கள் இல்லாமலில்லை. ஆயினும் கடல் எப்போது தரும், எப்போது தராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அவர் இடத்தில் இருக்கும் வங்கிக் கணினிக்குத் தேதி மட்டுமே தெரியும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது முழுவதும் ஒரே காரியத்தைப் பற்றியது. பத்திரத்தின் நாட்காட்டியை உங்கள் வீட்டு நாட்காட்டிக்குத் தக்கபடி மாற்றித் தருமாறு, தவணை தவறுவதற்கு முன்னரே, எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு கேட்பதற்கு வங்கிகளின் விதிகளே இடந்தருகின்றன. கேளாமல் இருந்துவிடுவதற்குப் பெரும்பாலும் வெட்கம் ஒன்றே காரணமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒரு தாள்

இதே தூத்துக்குடியில் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, அதன் பொருட்டுச் சிறை சென்று, செல்வமெல்லாம் இழந்து வறுமையில் உழன்ற வ.உ. சிதம்பரனார், 1936-இல் மறைவதற்கு முன் எழுதிவைத்த உயிலில், துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் கொடுக்க வேண்டியிருந்த சில்லறைப் பாக்கிகளையும் குறித்துவிட்டுப் போனார். இன்று துறைமுகத்துக்கே பெயராகிவிட்ட அந்த மனிதருக்குத் தம் கடனைத் தாளில் எழுதுவதில் கூச்சம் இருக்கவில்லை. நமக்கும் இருக்க வேண்டியதில்லை.

கிளைக்குச் சென்று, முதல் தொகை கல்லூரிக்குப் போன நாளிலிருந்து இன்றுவரை உள்ள கணக்கு விவரத்தை, அதாவது ஸ்டேட்மெண்டை, முழுவதும் கேட்டு வாங்குங்கள். கடைசி ஆறு மாதம் மட்டும் அச்சடித்துத் தந்தால் போதாது. அதை எடுத்துக்கொண்டு, வீட்டில் அமைதியான ஒரு மாலையில், கடனில் கையெழுத்திட்ட எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும். தகப்பனார் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார். அவருக்குத் தெரியாமல் மகனும், மகனுக்குத் தெரியாமல் அவருமாகத் தவிப்பதைக் காட்டிலும் வீண் சிரமம் வேறில்லை.

கணக்கு எப்படி வளர்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாயாக 3 லட்சம் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை கேட்கப்படுவதில்லை. ஆனால் அக்காலம் முழுவதற்கும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதலாண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு வட்டி 37,500, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 22,500, நான்காவதற்கு 15,000. மொத்தம் 1,05,000. ஆக, பிள்ளை முதல் தவணை கட்ட வேண்டிய நாளில் கடன் 3 லட்சமாக இராது, 4,05,000 ஆக நிற்கும். “மூணு லட்சம்தானே வாங்கினோம், அதுக்குள்ள எப்படி நாலு ஆச்சு?” என்று கவுண்டரில் நின்று திகைக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

இந்த 4,05,000-ஐ ஐந்தாண்டில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 8,605 ரூபாய்; பத்தாண்டானால் 5,352; பதினைந்தாண்டானால் 4,352. காலம் நீள நீளத் தவணை இலகுவாகிறது, ஆனால் கட்டித் தீர்க்கும் மொத்தம் சுமார் 5,16,000-இலிருந்து 6,42,000-க்கும், பிறகு 7,83,000-க்கும் ஏறுகிறது. கை இறுக்கமாக இருக்கும்போது நீண்ட காலத்தையே கேட்டு வாங்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன். பின்னால் வசதி வரும்போது அதிகமாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மாறும் வட்டியில் எடுத்த தனிநபர் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி கட்டணம் வசூலிக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கியின் விதியும் இருக்கிறது. இன்னொன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் மாதத்து வட்டி மட்டும் 3,375 ரூபாய். அதற்குக் குறைவாகக் கட்டினால் கடன் வளர்கிறது. அதைக் கட்டினால் நின்ற இடத்தில் நிற்கிறது. நெருக்கடியான மாதத்தில் எவ்வளவாவது திரட்டியாக வேண்டும் என்ற கேள்விக்கு இந்த எண்ணே விடை.

ஸ்டேட்மெண்டில் தேடவேண்டியவை சில உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள படிப்புகளுக்கு, தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருந்து வருகிறது. மேற்சொன்ன உதாரணத்தில் அது 1,05,000 ரூபாய், சிறு தொகையன்று. அந்த மானியம் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையானால், தாசில்தார் அலுவலகத்து வருமானச் சான்று கொடுக்கப்பட்டதா, வங்கி அதைக் கோரி அனுப்பியதா என்று எழுதிக் கேளுங்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரையில், நோய்த்தொற்றுக் காலத்தில், கடன் நடப்பில் இருந்திருந்தால், அந்த ஆறு மாதத்துக்கு வட்டியின்மேல் ஏறிய வட்டி திருப்பி வரவாகியிருக்க வேண்டும். தவணை தவறியதற்காக அபராத வட்டி ஏற்றும் வழக்கத்துக்கு ரிசர்வ் வங்கி 2024-இல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது; நியாயமான அபராதக் கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் அதை அசலோடு சேர்த்து அதன்மேலும் வட்டி போடலாகாது.

தொண்ணூறு நாள்

தவணை தேதி தாண்டி 90 நாட்கள் பாக்கி நின்றுவிட்டால் அந்தக் கடன் வாராக்கடன் என்று எழுதப்படும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எத்தனை சிறிய இடைவெளியில் நம் குடும்பங்கள் நடக்கின்றன என்பது விளங்கும். மார்ச் தொடக்கத்தில் ஒரு தவணை தவறி, பின்னர் தடைக்காலமும் வந்து சேர்ந்தால், படகு மறுபடி கடலில் இறங்குவதற்குள் அந்த எல்லை கடந்துபோகிறது.

எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள வேற்றுமையைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். 90 நாளுக்கு முன்பு, மிகப் பழைய ஒரு தவணையைக் கட்டினாலே நெருக்கடி தளர்ந்துவிடும்; கட்டும் பணம் சாதாரணமாகப் பழைய பாக்கிக்கே முதலில் போகும். கடந்த பின்போ, நின்ற வட்டியும் அசலுமாகப் பாக்கி முழுவதையும் கட்டினாலொழியக் கடன் நல்ல கணக்குக்குத் திரும்பாது. ஆகையால் எண்பதாம் நாளில் ஒரு தவணைப் பணம் கையில் இருந்தால், நூறாம் நாளில் மூன்று தவணைப் பணம் இருப்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வாராக்கடன் என்ற பெயர் விழுந்துவிட்டால் கெடுவது மதிப்பெண் ஒன்றுதானே என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் வங்கி வேலைக்குத் தேர்வானவர்களின், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவு பார்க்கப்படுகிறது. அப்பதிவு பழுதானதற்காக ஒரு வங்கி தன் பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கித் தேர்வுக்கென்றே பயிற்சி நிலையங்களில் இரண்டு மூன்றாண்டு உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பட்டதாரிகள், அந்த வருடங்களில் கல்விக் கடனைத் திரும்பிப் பாராமல் விட்டுவிடுவது எத்தனை விபரீதம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இளைய பிள்ளைக்கு மறுபடியும் கடன் கேட்கப் போகும்போதும் இணைக் கடன்தாரரான தகப்பனாரின் பதிவே எதிரில் வந்து நிற்கும்.

கிளைக்குச் செல்வதென்றால் எப்படிச் செல்வது? பெரும்பாலும் நடப்பது இதுதான்: தகப்பனார் போய், மேலாளர் மேசைக்கு எதிரே நின்றபடியே, “சார், ஜூன் கழிஞ்சு போட்டு இறங்கின உடனே மொத்தமாக் கட்டிருதேன்” என்பார். மேலாளரும் இரக்கமுள்ளவராக இருந்தால், “சரிங்கய்யா, பாத்துக்கலாம், போயிட்டு வாங்க” என்பார். இருவர் நெஞ்சிலும் ஒரு நிம்மதி உண்டாகும். கணினியில் எதுவும் ஏறாது. அந்த மேலாளர் இரண்டொரு ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார்; அடுத்து வருபவருக்குத் தமிழே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே நிற்காமல் உட்காருங்கள். சொல்வதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்து, பின்னர் திருத்திவந்துள்ள மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நமக்கு அனுகூலமான ஏற்பாடுகள் பல இருக்கின்றன. தவணைக் காலத்தைப் பதினைந்தாண்டு வரை வைக்கலாம். வேலை இல்லாமலோ படிப்புக்குத் தகாத சொற்ப ஊதியத்திலோ இருக்கும் காலத்தில், கடன் ஆயுளில் இரண்டு மூன்று தடவை, தவணைக்கு ஓய்வு தரலாம். முதலில் சிறியதாகத் தொடங்கி, சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறும்படி அமைக்கலாம். இவையெல்லாம் வங்கி செய்யக்கூடியவை. செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கேட்காதவர்க்குத் தானாக வந்து செய்யும் வங்கியை நான் பார்த்ததில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே மூழ்கியதே, அத்தகைய இயற்கைச் சீற்றத்தின் பின்னர் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கடன்களைத் திருத்தியமைக்க ரிசர்வ் வங்கியின் தனி நெறிமுறையே உண்டு. அப்படி ஒன்று நேர்ந்தால் தண்ணீர் வடிந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரியில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்:

*பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.*

*பொருள்: கல்விக் கடன் கணக்கு எண் …… – தவணையைத் திருத்தியமைக்கக் கோருதல்.*

*ஐயா, மேற்கண்ட கணக்கில் எனக்கும் இணைக் கடன்தாரரான என் தந்தைக்கும் மாதத் தவணை ரூ. 5,352 விதிக்கப்பட்டுள்ளது. நான் தற்போது மாதம் ரூ. 14,000 ஊதியத்தில் பணிபுரிகிறேன். என் தந்தை விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவருக்கு வருமானம் இல்லை. எனவே முழுத் தவணையைச் செலுத்த இயலாத நிலையில் இருக்கிறோம். தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டுகளாக நீட்டித்தும், முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த தவணை விதித்தும் உதவுமாறு வேண்டுகிறேன். முடிவு தெரியும் வரை மாதந்தோறும் ரூ. 3,400 செலுத்தி வருவேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன். இணைப்பு: ஊதியச் சீட்டு, தந்தையின் மீனவர் அடையாள அட்டை நகல்.*

இதில் அழுகையும் இல்லை, ஆத்திரமும் இல்லை. எவ்வளவு முடியும் என்ற எண் இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். சொன்ன 3,400-ஐச் சொன்னபடி கட்டிவருவது கடிதத்தைவிட முக்கியம். ஓர் எச்சரிக்கை: பல ஆண்டுகளாக ஒரு பைசாவும் கட்டாமல் கிடக்கும் பழைய கடனானால், கடனை ஒப்புக்கொண்டு எழுதும் கடிதத்துக்கும் சிறு தொகை கட்டுவதற்கும் காலவரையறைச் சட்டத்தில் பெரிய விளைவுகள் உண்டு, வழக்குத் தொடர வங்கிக்குள்ள மூன்றாண்டுக் கெடு அவற்றால் புதிதாகத் தொடங்கக்கூடும். அத்தகையவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கேட்ட பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

வரும் மாதமும் வராத மாதமும்

தவணை திருத்தியமைக்கப்பட்டுவிட்டால், அதை நம் பருவத்தோடு பொருத்துவது நம் வேலை. மாதம் 4,352 என்றால் ஆண்டுக்கு 52,224. விசைப்படகுத் தொழிலில் தடைக்காலம் போக மீதியுள்ள வாரங்களில் அதைப் பங்கிட்டால் வாரம் சுமார் 1,200 ரூபாய். பங்கு கைக்கு வரும் நாளிலேயே அதை எடுத்துத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கிலிருந்து வங்கியே தவணையை எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டால், மே மாதத்துத் தவணை பிப்ரவரி மாதத்து மீன்பாட்டிலேயே கட்டப்பட்டுவிடுகிறது. மிஞ்சிய பணத்தை நேரே கடன் கணக்கில் கட்டிவிடலாமே என்று தோன்றும். அசல் குறைவது உண்மைதான். ஆனால் அதற்காக அடுத்த மாதத் தவணையை வங்கி கேளாமல் விட்டுவிடாது. முதலில் மூன்று மாதத் தவணையாவது தனிக் கணக்கில் சேர்ந்த பிறகுதான் அசலைக் குறைக்கும் ஆசை நியாயமானது. கப்பலில் போகும் பிள்ளைகளும் இறங்கும் முன்பே ஆறு மாதத் தவணையை இப்படி ஒதுக்கிவிட வேண்டும். இறங்கிய பிறகு பனிமய மாதா திருவிழா வரும், தங்கை கல்யாணம் வரும், பணம் நில்லாது.

தடைக்காலத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாயையும், மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்க்குத் தரும் 5,000 ரூபாயையும் தவணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது அரிசிக்கும் பருப்புக்கும் வந்த பணம். கடன் இருக்கும் வங்கியிலேயே அந்த உதவித்தொகை வரவாகும் கணக்கும் இருந்தால், பாக்கிக்காக அது பிடிக்கப்பட்டுவிடும் சந்தர்ப்பங்கள் நேர்வதால், அதற்கு வேறு வங்கியில் கணக்கு வைத்துக்கொள்வது விவேகம்.

வீட்டில் கல்விக் கடன் ஒன்றே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. அம்மாவின் பேரில் குழுக் கடன், அப்பாவின் பேரில் தண்டல், அவசரத்துக்கு வாங்கிய பத்து வட்டி என்று வரிசை நிற்கும். வாசலில் வந்து சத்தம் போடுபவனுக்கு முதலில் கொடுத்து, சத்தம் போடாத வங்கியைக் கடைசியில் வைப்பது மனித இயல்பு. இன்னும் மோசமானது, வங்கித் தவணை கட்டவே வட்டிக்காரரிடம் கை நீட்டுவது. வங்கியின் பத்து ஆண்டுக்கு. வட்டிக்காரரின் பத்து மாதத்துக்கு. ஒரே எண்ணைப் போலத் தெரியும் அவ்விரண்டில் ஒன்று மற்றதைவிடப் பன்னிரண்டு மடங்கு. இத்தகைய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் மனுவோடு போகலாம். தண்டலை ஒழித்தபின் விடுபடும் தொகையைக் கல்விக் கடனுக்குத் திருப்புவதே முறையான வரிசை.

நகையை வைத்துக் கட்டலாமா என்று கேட்பார்கள். மாதாமாதம் அப்படிச் செய்தால் கடன் இடம் மாறுமே தவிரக் குறையாது. தொண்ணூறாவது நாள் நெருங்கி, இரண்டு வாரத்தில் பணம் வருவது நிச்சயமென்றால் மட்டும் அது ஓர் உபாயம். அப்போதும் கல்விக் கடன் இருக்கும் கிளையிலேயே நகையை வைக்காதீர்கள். நகைக் கடனை அடைத்த பிறகும், கல்விக் கடன் பாக்கியைக் காட்டி நகையைத் தர மறுக்கும் தகராறு பல ஊர்களில் நடந்திருக்கிறது.

ஆள் வந்தால்

2016-இல் மதுரையில், கல்விக் கடன் வசூலிக்க வந்தவர்களின் நெருக்குதலைத் தாளாமல் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார். அரசு வங்கி ஒன்று தன் வாராக் கல்விக் கடன்களைத் தனியார் நிறுவனத்துக்கு முக மதிப்பில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கைமாற்றியிருந்த காலம் அது. தமிழ்நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் யாருக்கும் தெரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பகுதி.

கடனைத் திருப்ப முடியாமற்போவது குற்றமன்று. அது உரிமையியல் விவகாரம். அதற்காக மட்டும் காவல்துறை யாரையும் கைது செய்ய முடியாது. 4 லட்சம் வரையிலான கடனுக்கு ஈடு எதுவும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஈடில்லாக் கடனுக்காக, நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தீர்ப்புப் பெறாமல், வீட்டையோ வள்ளத்தையோ தொடும் அதிகாரம் வங்கிக்கு இல்லை. ஆனால் தவணைக்கென்று கொடுத்த காசோலையோ, கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளத் தந்த உத்தரவோ பணமின்றித் திரும்பினால் அது வேறு சட்டத்தின்கீழ் குற்ற வழக்காகலாம். ஆகவே, “ஒரு செக் போட்டுக் கொடு தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்” என்று யாராவது சொன்னால், பணம் இருக்கும் என்ற நிச்சயமில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ பாக்கிக்காகத் தொலைபேசியில் அழைக்கலாகாது. வங்கியின் அதிகாரக் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கடனைப் பறைசாற்றி அவமதிப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; 14448 என்ற எண்ணில் தமிழிலும் வழி கேட்கலாம். வசூலுக்கு வந்தவர் பேச்சில் மனம் உடைந்து, பிள்ளை சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டால், அன்றைக்குக் கடனைப் பற்றிப் பேசாதீர்கள். “எய்யா, கடன் கெடக்கட்டும், நீ எந்திரிச்சு வா” என்று தாய் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஈடான சட்டப் பிரிவு எதுவும் இல்லை. தனியே விடவும் வேண்டாம். 104 என்ற அரசு எண்ணில் இரவிலும் ஆலோசனை கிடைக்கிறது.

முடிவு கட்டுதல்

வெகுநாள் நின்றுபோன கடனுக்கு மக்கள் நீதிமன்றம் நல்ல இடம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் அந்த அமர்வில் வழக்குத் தொடரும் முன்னரே வங்கியும் கடன்தாரரும் பேசித் தீர்க்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் உடன்பாடு தீர்ப்புக்குச் சமானம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. மேல்முறையீடு கிடையாது என்பது நமக்கும் சேர்த்துத்தான் என்பதால், கட்ட முடியாத தொகைக்கு அவசரத்தில் தலையசைத்துவிடக் கூடாது. வட்டியில் பெரும் பகுதியைத் தள்ளி ஒரே தடவையில் முடிக்கும் செட்டில்மெண்டு வங்கியிலேயே கிடைப்பதும் உண்டு. அதிலுள்ள குறை, சிபில் பதிவில் ‘முடிந்தது’ என்பதற்குப் பதிலாகச் ‘சமரசம்’ என்ற குறிப்பு விழுந்து பல ஆண்டுகள் நிற்பது. வயது முதிர்ந்த தகப்பனாரின் மனநிம்மதிக்காக அதை ஏற்கலாம். வங்கி உத்தியோகத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ முயலும் பிள்ளை நன்றாக யோசித்தே ஏற்க வேண்டும்.

தள்ளுபடி வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் காத்திருப்பவர்களிடம் ஒன்றுதான் சொல்ல முடியும். அரசாணை வெளியாகி, உங்கள் கணக்கில் வரவாகி, அதற்கான கடிதம் கையில் கிடைக்கும் வரையில் வட்டி ஏறுவது நிற்பதில்லை.

கடைசித் தவணை கட்டிய அன்று கிளையில் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையை எடுத்து, கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த அறிக்கை இலவசம். 7.5 லட்சத்துக்கு மேல் வாங்கி வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தவர்களுக்கு, கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும்; வங்கியின் குற்றத்தால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. ஈட்டைப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்த ரசீதையும் வங்கி அதிகாரியின் கையெழுத்தோடு பதிந்து, பின்னர் வில்லங்கச் சான்று எடுத்து, அந்தப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.